சிவந்த தாள்

2024 ஜூன் 10. வேலங்காட்டுக் காலனியின் ஆழ்குழாய் நீரில் ஃபுளோரைடு நச்சு இல்லை என்று அன்று மீண்டும் சான்று எழுதப்பட்டது. இது அநியாயம்.

சோதனையாளர் பச்சைத் தாளொன்றை நீரில் நனைத்தார். நச்சு இருந்தால் தாள் சிவக்கும். சிவந்தால் ஆற்றுநீர் லாரி வரும். காலனியில் குடியிருக்கும் மாசாணியம்மாளின் வீட்டுத் திண்ணையில், அவள் கண்ணெதிரே தாள் சிவந்தது.

“பச்சையாத்தான் இருக்குது. நல்ல தண்ணிம்மா.”

“ஏனுங்க சார், ரத்தமாச் செவந்து கெடக்குதுங்க!”

“லாரி வேணும்னா எல்லா ஊர்லயும் இதே பேச்சுதான்.”

“இந்தத் தண்ணியக் குடிச்சே மூத்தவளுக்குக் காலு வளைஞ்சுபோச்சுங்க. சின்னவ இப்பத்தான் எந்திரிச்சு நிக்கறா. அவளாச்சும் நேரா நடக்கோணுமுங்க!” என்று அவர் காலில் விழுந்தாள். அவர் விலகிக்கொண்டார்.

“யாருகிட்டக் கை நீட்டிப்போட்டு வந்தீங்க?”

அவர் முகம் கறுத்தது. “ஒரு டீகூட ஓசியில குடிச்சதில்லம்மா நான்.” சொல்லிக்கொண்டே சான்றில் கையெழுத்திட்டார்.

புறப்பட்டவர் வாசலில் நின்றார். அன்று காலையில் பறித்துக் காயப்போட்ட மிளகாய்ப் பழம் பாய் நிறையச் செக்கச்செவேலென்று கிடந்தது.

“அடடா, பழுக்கறதுக்குள்ள இப்படிப் பச்சையாவே பறிச்சுட்டியேம்மா!” என்று மெய்யாகவே வருந்தினார்.

மாசாணியம்மாள் மிளகாயையும் அவர் கண்களையும் மாறிமாறிப் பார்த்தாள். கை நீட்டியவரென்றால் இன்னும் கெஞ்சிப் பார்க்கலாம். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும் கண்ணுக்கு அவள் எந்தத் தாளை எடுத்துக் காட்டுவாள்?

வாசகரே, உங்கள் ஊர் நீருக்குச் சான்று எழுதுபவரின் கண்ணைச் சோதித்தவர் யார்? இன்றே போய்க் கேளுங்கள்.