கிழவிக்கு ஒரு முடிவு

மேஜையின் தலைப்பக்கம் பெரியவர். அவருக்கு வலப்பக்கம் கணக்கு அதிகாரி, எதிரே இன்ஜினியர். கடிதம் எழுத, கதவோரம் நான்.

"கிழவியை என்ன செய்யறது?" என்றார் பெரியவர்.

"முப்பது வருஷம் உழைச்சவ சார். குளிப்பாட்டி, அலங்காரம் பண்ணி ஓரமா வெச்சிடலாம். பிள்ளைங்க வந்து பார்த்துட்டுப் போகும்," என்றார் கணக்கு அதிகாரி.

"நம்ம வீட்டுல பிறந்தவ தலையெடுத்தாச்சு. வெளியிலேர்ந்து வந்த இவளுக்கு மருந்து வேணும்னா இன்னும் அடுத்தவன்கிட்ட கையேந்தணும்," என்றார் இன்ஜினியர்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இழந்தவ நீ."

"என் வீட்டுக்காரரை உள்ள அடைச்சு எரிச்சவ சார். அவளுக்கு மாலை மரியாதையா? சாகட்டும். நான் கண்ணால பார்க்கணும்."

பெரியவர் என் பக்கம் ஒரு தாளைத் தள்ளினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:

'நம் தளத்திலேயே கட்டிய புதிய போர்க்கப்பல், நாமே செய்த ஏவுகணையை முதன்முதலாகச் சோதிக்கும்போது, தீவிபத்தில் நம் மாலுமிகளைப் பலிகொண்ட, "கிழவி" என்று நாம் அழைக்கும் பழைய வெளிநாட்டுக் கப்பலையே இலக்காக நிறுத்தி மூழ்கடிக்க வேண்டும்.'

கையெழுத்துக்கு மேல் பெரியவர் தாமே ஒரு வரி சேர்த்தார்: 'ஏவுகணைப் பொத்தானை, இந்தக் கடிதத்தைக் கைப்பட எழுதியவர் அழுத்துவார்.'

உறையை ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தி, தபால் பையில் போட்டேன்.