கிழங்குப் பட்டை

மானுட குலத்துக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், மரவள்ளிக் கிழங்கு மாவோடு மின்சாரம் கடத்தும் பாலிமரை ஒட்டுக்கட்டி, இதயம் காக்கும் பட்டை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நெஞ்சில் ஒட்டிக்கொண்டால் போதும். துடிப்பு தடுமாறினால் ஆறே நிமிடத்தில் ஆம்புலன்ஸ் தானாக வரும். உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று காட்ட, அமைச்சர் மேடையிலேயே ஒன்றைத் தின்றார்.

ஆத்தூர்ப் பக்கம் காட்டுக்குள் தனிவீட்டில் இருந்த சடையப்பன், குளிக்கப் போகும்போது தன் பட்டையைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். அமைச்சரைப் போலவே ஓர் எலியும் அதைத் தின்றது. குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தார்.

மனைவி பூங்காவனம் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

"வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலிங்க, சீக்கிரம் வண்டி அனுப்புங்க!"

"சடையப்பன்தானேம்மா? பட்டையிலேர்ந்து துடிப்பு ஜோரா வருதே. இப்பக்கூட ஓடிட்டிருக்கார்."

"ஓடறது எலிங்க! பட்டைய அது தின்னுபோட்டுச்சுங்க! இவருக்குக் கண்ணு சொருகுதுங்க!"

"அவர்கிட்ட போனைக் குடுங்க, பேசறேன்."

"அவரு பேசறாப்புல இருந்தா நான் எதுக்குங்க உங்ககிட்டக் கெஞ்சறேன்?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. துடிப்பு கெட்டாத்தான் இங்க வண்டி கிளம்பும்."

துடிப்பைக் கெடுக்க வேண்டியதுதான் என்று பூங்காவனத்துக்குப் புரிந்தது. உலக்கையை எடுத்துக்கொண்டு, அழுதபடியே எலியைத் தேடி மூட்டை மூட்டையாகப் புரட்டினாள். அரைமணி நேரம் கழித்து அது சிக்கியது. ஒரே அடி.

அமைச்சர் மேடையில் சொன்னபடியே, ஆறாவது நிமிடம் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது.

சடையப்பன் அதற்குள் இறந்துபோயிருந்தார்.