சயனைடு மேட்டின் மேல் மூன்று ஒளிகள்

"பறக்கும் தட்டுலேர்ந்து பதில் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் எல்வின் ஊரிகத்தில் ரயில் ஏறினார்.

பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோரின் விடியற்கால வண்டி அது. வண்டி புறப்படும் மாரிக்குப்பத்திலேயே ஏறிவிடும் வாசு, பின்னால் ஏறுபவர்களுக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவைப்பான். பதினோரு ஆண்டுகளாக ஜன்னலோரக் கைக்குட்டை எல்வினுக்குரியது. கடந்த மூன்று வாரங்களாக அது, ஊரிகத்துக்கு முந்தைய நிலையமான சாம்பியனில் ஏறும் ராதிகாவுக்குரியதாகிவிட்டது.

காரணம், மூன்று ஒளிகள்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒருநாள் வண்டி ஊரிகத்தைத் தாண்டியதும், தங்கச் சுரங்கக் கழிவு மண் மலையாகக் குவிந்து கிடக்கும் சயனைடு மேட்டுக்கு மேலே மூன்று வெள்ளை ஒளிகள் அசையாமல் நின்றதையும், பின்னர் ஒவ்வொன்றாக அணைந்ததையும் ராதிகா பார்த்திருந்தாள். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்பவள். நேரம், திசை, உயரம் அனைத்தையும் உடனே குறித்துக்கொண்டாள். அவை என்னவென்று மட்டும் அவள் சொல்லவில்லை.

அடுத்த பெட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவளிடம் விவரம் கேட்டார்கள். மறுபடியும் தெரிந்தால் பார்க்கட்டும் என்று ஜன்னலோர இடத்தையும் அவளுக்கே கொடுத்தார்கள். கிரகணம் முதல் கிட்னிக் கல் வரை எல்லாவற்றுக்கும் எல்வினிடமே விளக்கம் கேட்டு வந்த வாசுவும் இப்போது அவள் பக்கமே திரும்பி உட்கார்ந்தான். டீக்காரர்கூட முதல் கோப்பையை அவளிடமே நீட்டினார்.

"ட்ரோனா இருக்கும்," என்றார் எல்வின், முதல் வாரத்தில்.

"இருக்கலாம்ணா."

"இல்லன்னா வெள்ளி நட்சத்திரம்."

"மூணு இருந்துச்சேண்ணா. ஆனா நமக்குத் தெரியாதது எதுனா இருக்கலாம்."

"இன்னாம்மா நீ, எதுக்கெடுத்தாலும் இருக்கலாம் இருக்கலாம்னு. எங்கப்பா முப்பது வருஷம் சுரங்கத்துல கேஜ்ல எறங்கினவரு. லெவலுக்கு ஒரு பேய்க் கதை சொன்னாங்க. ஒண்ணயும் நம்பலியே."

"ஒண்ணயாவது போய்ப் பாத்தாராண்ணா?"

வாசு சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை எல்வின் மறக்கவில்லை.

"தட்டுல வந்தவன் சீசன் டிக்கெட் வெச்சினு இருந்தானான்னு கேட்டியா?" என்று மறுநாளிலிருந்து ஆரம்பித்தார். 'பறக்கும் தட்டு' என்பதே அவளுக்குப் பெயராயிற்று.

"அன்னிக்கு ஜன்னலாண்ட உக்காந்துனு இருந்தது நீங்கதானே சார்," என்றான் வாசு. "உங்களத் தாண்டித்தானே இவங்களே பாத்தாங்க. உங்க கண்ணுல படலியா?"

"நான் கண்ண மூடி ஜெபம் பண்ணினு இருந்தேன்."

இரண்டாம் வாரத்தில், வானில் தென்படும் விளக்க முடியாத ஒளிகளைப் பதிவு செய்யும் பெங்களூர் மன்றம் ஒன்றுக்கு ராதிகா மின்னஞ்சல் அனுப்பினாள்.

எல்வின் சிரித்தார். "குப்பைக்குத்தான் போகும். ஒத்தச் சாட்சின்னா அவங்க தொடவே மாட்டாங்க."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"தெரியும்பா. எல்லாரும் கேட்டுக்குங்க. அவங்க தள்ளிட்டா, இந்தம்மா ஜன்னல் இடத்த விட்டுடணும். ஏத்துக்கிட்டாங்கன்னா நான் இந்தப் பெட்டிப் பக்கமே வரமாட்டேன்."

அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று ஏறும்போதே கேட்டார்.

ராதிகா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "வந்துச்சுண்ணா. அத விடுங்க."

"விடறதா? மூணு வாரமா ஊரையே கூட்டிட்டு, இப்ப விடுங்கன்னா?"

அவள் எழுந்து நின்றாள். "இந்தாங்க, உக்காருங்க. உங்க இடந்தானே."

வாசுவுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவளை நம்பி, அடுத்த பெட்டிக்காரர்களிடமெல்லாம் அவனும் வாதாடியிருந்தான்.

எல்வின் ஜன்னலோரம் அமர்ந்தார். மூன்று வாரங்களுக்குப் பிறகு டீக்காரர் முதல் கோப்பையை அவரிடம் நீட்டினார். அதோடு எல்வின் நிறுத்தியிருக்கலாம்.

"எங்க, அந்தப் பதிலப் படி. நாலு பேருக்குத் தெரியட்டும்."

"வேணாம்ணா. இடத்ததான் குடுத்துட்டேனே."

"நீ படிக்கலன்னா வாசு படிக்கட்டும். பெட்டியே உன் கதையக் கேட்டுதில்ல, முடிவையும் கேக்கட்டும்."

"சொன்னாக் கேளுங்கண்ணா."

"போனக் குடும்மா. இன்னா பயம்?"

ராதிகா அவரையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு கைபேசியைத் திறந்து வாசுவிடம் கொடுத்தாள்.

ஆங்கிலத்தில் இருந்த கடிதத்தை வாசு வரிவரியாகத் தமிழில் சொன்னான்.

"உங்கள் பதிவை ஏற்றுக்கொள்கிறோம்..."

எல்வினின் கையிலிருந்த கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது.

வாசு அடுத்த வரியைப் பார்த்தான். ராதிகாவைப் பார்த்தான். அவள் தலை குனிந்திருந்தாள்.

"மேல படி," என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

வாசு குரலைத் தாழ்த்திக்கொண்டு படித்தான்:

"அதே ரயிலில் பயணம் செய்த ஊரிகம் எல்வின் என்பவர், இந்த மூன்று ஒளிகளைத் தாம் பார்த்ததாக அன்று காலையே எங்களுக்கு எழுதியிருந்தார். தம்மைத் தவிர வேறு எவரும் பார்க்கவில்லை என்று அவர் உறுதி கூறியதால், ஒற்றைச் சாட்சி என்று அதை நிராகரித்தோம். இப்போது உங்கள் கடிதத்தின் துணையால் அவருடைய பதிவும் ஏற்கப்படுகிறது."