ரப்பர் தம்பிக்கு வலிக்கிறது

பயிற்சிக் கூடத்துத் தரையில் ரப்பர் பொம்மை கிடக்கிறது. அதன் தொடையிலிருந்து பீய்ச்சும் சிவப்புச் சாயத்தில் ஒரு பட்டாளமே குளிக்கலாம். குனிந்திருக்கும் சமையல்காரச் சிப்பாய்க்கு யானையையே கட்டிப்போடும் கைகள். ஆனால் பொம்மைக்குள் இருக்கும் ஒலிபெருக்கி முனகியதும், முந்தைய இரண்டு தேர்விலும் ரத்தத்தை நிறுத்த இறுக்கிய பட்டையைத் தளர்த்திவிட்டார்; இரண்டு முறையும் பொம்மை செத்தது. இதுவே கடைசி வாய்ப்பு, தவறினால் மருத்துவப் பிரிவு கிடையாது, மறுபடி அடுப்படிதான். "வலிக்குதுண்ணே, விட்டுருங்கண்ணே," என்று திரைக்குப் பின்னால் மைக்கோடு அமர்ந்திருக்கும் பயிற்சியாளர் ஊரே நடுங்கும்படி அலறுகிறார். "வலிக்கும்டா செல்லம். எவ்வளவு வேணா திட்டிக்கோ, அண்ணன் விடமாட்டேன்." பட்டையில் செருகிய கம்பைச் சிப்பாய் இன்னொரு சுற்று திருகுகிறார். சாயம் சொட்டாகி, நிற்கிறது. மணி அடித்த பிறகும் ரப்பர் நெற்றியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருக்கிறார். தேர்ச்சி என்று அறிவிக்க வேண்டிய மைக்கில், "இப்ப பரவால்லண்ணே," என்று மெதுவாக வருகிறது.