உண்ணிக் காய்ச்சலுக்கு ஓர் ஆடு

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், பரிசோதனைப் பெட்டி 'இல்லை' என்று சொன்ன நோய் இனி இந்நாட்டு மனிதர் எவருக்கும் இருக்காது. அதற்கு மருந்தும் கிடையாது.

கொல்லிமலையில் செல்லக்கிளிக்கு உடம்பு கொதித்தது. முழங்கால் மடிப்பில் உண்ணி கடித்த இடம் கருகியிருந்தது. பெட்டி மறுபடியும் 'இல்லை' என்றது.

"அது சொல்லுதுன்னு விட்டா இவ செத்துருவா டாக்டரம்மா," என்றான் கணவன் மாரப்பன்.

"ஒரே கடியில ரெண்டு கிருமி எறங்கியிருக்கும்போல. ரெண்டும் கலந்தா பெட்டிக்குப் பிடிபடாது." டாக்டர் தமயந்தி அலுப்புடன் கண்ணைக் கசக்கினார். கால்நடைக்கு மட்டும் இன்னும் பரிசோதனை கட்டாயமில்லை. "வீட்டுல ஆடு இருக்கா?"

"இல்லீங்களே."

"இருக்கு. அதுக்குக் காய்ச்சல்."

கால்நடை மருந்து இயந்திரம் ஆட்டின் எடையைக் கேட்டது. டாக்டர் செல்லக்கிளியின் எடையைத் தட்டினார். மாத்திரை விழுந்தது.

சில நாளில் செல்லக்கிளி எழுந்து கஞ்சி கேட்டாள். அரசுக் கணக்கில் குணமானது ஆடு. அவளுக்குக் காய்ச்சலே வரவில்லை.