மூலை ரூம்

“‘அரங்கத்துக்கு நடக்குற தூரத்துல ரூம் போடுங்க, மேக்கப் கலையாம புள்ளயக் கூட்டிட்டுப் போகணும்’னு ஒரு வாரமாப் பாட்டுப் பாடினது யாரு? நானா, நீயா?”

மனைவி சொன்னதை மனைவியின் குரலிலேயே சொல்லிக் காட்டினார் வைகுண்டராஜ். லாட்ஜின் மாடி வராண்டாவில், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் சண்டை நடந்துகொண்டிருந்தது.

“நடக்குற தூரம்னுதான் சொன்னேன். கரகாட்டக்காரிக தங்குற லாட்ஜுன்னு சொல்லல,” என்றாள் ஜெபராணி.

மறுநாள் காலை தேனியில் பரதநாட்டியப் போட்டி. மகள் பிரின்சி ஆடுகிறாள். விடியுமுன்னே மேக்கப்புக்கு உட்கார வேண்டும். கம்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து ஆகாது என்றுதான் ரூம் போட்டது. வந்து பார்த்தால் மாடியின் மூலை ரூமில் நேற்றே வந்திறங்கிய ஒரு கரகாட்டக் கோஷ்டி. பழனிசெட்டிபட்டிப் பக்கம் ஏதோ கோயில் பொங்கலாம். வராண்டாக் கொடியில் ஜிகினாப் பாவாடைகள் தொங்கின. பிரின்சியின் வயதில் ஒரு பெண் அவற்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நம்ம புள்ளயும் ஆடத்தான வந்திருக்கா?”

“அது ஆர்ட். இது...” மகள் நிற்பதைப் பார்த்து மீதியை விழுங்கினாள் ஜெபராணி.

வேறு இடம் பார்க்கவும் வழியில்லை. முகூர்த்த நாள் என்று பக்கத்து லாட்ஜுகளெல்லாம் கல்யாணக்காரர்கள் கையில். விறுவிறுவென்று கீழே இறங்கி மேனேஜர் கர்ணனைப் பிடித்துக்கொண்டாள். தங்களுக்குத் தந்திருப்பது படிக்கட்டை ஒட்டிய ரூம். ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான். குடும்பத்துக்கு மூலை ரூமைக் கொடுத்துவிட்டு ஆட்டக்காரிகளைப் படியோரம் போடுவதுதானே முறை என்று பாதி இங்கிலீஷில் கேட்டாள். இங்கிலீஷுக்குப் பயந்தோ என்னவோ, கர்ணன் சரியென்று தலையாட்டிவிட்டார்.

கோஷ்டியின் பெரிய ஆட்டக்காரி சுப்புத்தாய்தான் தயங்கினாள்.

“வேணாம்க்கா. நீங்க அந்த ரூம்லயே இருந்துக்கிருங்க. இது உங்களுக்குச் சரிப்படாது.”

“எங்களுக்கு எது சரிப்படும்னு எங்களுக்குத் தெரியும்மா.”

சுப்புத்தாய் திரும்பிக்கொண்டாள். “சிம்ரன், பாயை எடு,” என்று கொடியருகே நின்ற மகளுக்குச் சொல்லிவிட்டுக் கரகச் செம்பைத் தூக்கிக்கொண்டாள். சிம்ரனாம். ஜெபராணிக்குச் சிரிப்பு வந்தது. மூலை ரூமுக்குள் போய், வீட்டிலிருந்து கொண்டுவந்த விரிப்பைக் கட்டிலில் விரித்து, ஒரு சின்ன ஜெபமும் செய்துவிட்டுத்தான் மகளை உட்காரவிட்டாள்.

பொழுது சாய்ந்ததும் வைகுண்டராஜ் பரோட்டா வாங்கக் கிளம்பினார். மேளக்காரர்கள் கோயில் கமிட்டியைப் பார்க்கப் போயிருந்தார்கள். மாடியே கப்சிப்பென்று கிடந்தது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஆள் இல்லை, நாலைந்து பேர். படியோர ரூமைத் தாண்டி, வராண்டா நெடுக வந்த சத்தம் மூலை ரூமின் வாசலில் நின்றது.

கதவில் ஓங்கி ஒரு தட்டு.

“ஆட்டக்காரிகளா, நேத்து மேளக்காரன வச்சு வெரட்டுனீகள்ல. இன்னைக்கு அவன் இல்ல. ஊருக்கு நாளைக்கு ஆடுங்க, எங்களுக்கு இன்னைக்கு ஆடுங்க.”

சுப்புத்தாய் ஏன் வேண்டாமென்றாள் என்பது ஜெபராணிக்கு அப்போதுதான் உறைத்தது. கணவருக்குப் போன் போட்டாள். அவருடைய போன் இதே ரூமில், சார்ஜரில் கிடந்து கத்தியது. வெளியே சிரித்தார்கள். கீழே ரிசப்ஷனுக்கு அடித்தாள். மணி போனது, எடுப்பாரில்லை. இங்கே குடும்பம் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தாள். பெண்குரல் கேட்டால் இன்னும் தட்டுவார்கள் என்று மூடிக்கொண்டாள். கதவு அதிர்ந்த வேகத்தில் நிலையிலிருந்து காரை உதிர்ந்தது. பிரின்சி அவள் முதுகோடு ஒண்டிக்கொண்டாள்.

“ஏலே, அங்கன என்ன வேல?” சுப்புத்தாயின் குரல். “அது குடும்பத்து ஆளுக. நாங்க ரூம் மாறிட்டோம், இங்கன இருக்கோம். கீழ போயி நில்லுங்க, வாறேன். எதுன்னாலும் எங்கிட்டப் பேசு.”

ஏதோ முனகினார்கள். செருப்புகள் திரும்பின, படியில் இறங்கின. “ஸ்தோத்திரம்,” என்று நெஞ்சில் கை வைத்தாள் ஜெபராணி. பிறகு போய் லைட்டை அணைத்தாள்.

மறுபடி கதவு தட்டப்பட்டது. இந்த முறை விரல் நுனியால்.

“அக்கா, நாந்தான், சுப்புத்தாய். அவனுக திரும்பி மேல வருவானுக. எனக்குப் பழக்கம், பேசிச் சமாளிச்சிருவேன். எம்புள்ளய மட்டும் உங்க புள்ளயோட உள்ள விட்டுக்கிருங்க. உங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும்.”

பிரின்சி எழுந்தாள். ஜெபராணி அவளை இழுத்து உட்காரவைத்து வாயைப் பொத்தினாள்.

படியில் செருப்புகள் ஏறத் தொடங்கின.

“அக்கா, உள்ளதான இருக்கீக? அவ நின்னுக்கிட்டே இருப்பா, எதையும் தொடமாட்டா. கொஞ்சம் கதவத் தெறங்கக்கா.”