பதினெட்டு

முப்பத்திநான்கு.

தப்பாக எண்ணியிருப்போம் என்று அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாடி பார்ப்பதுபோல் ஏழாம் கட்டில்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் அவர் நெஞ்சையே பார்த்தாள். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாரும் இயல்பாக மூச்சு விடமாட்டார்கள். அதற்காகத்தான் இந்தத் திருட்டுத்தனம்.

ஒரு நிமிடம் முடிந்தது. முப்பத்தைந்து.

அவள் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தாள்.

கால்மாட்டில் தொங்கிய தாளில் காய்ச்சல் ஏறி இறங்கியிருந்தது, நாடியும் ஏறி இறங்கியிருந்தது. மூச்சு மட்டும் நிமிடத்துக்குப் பதினெட்டு. நேற்றும் பதினெட்டு, முந்தாநாளும் பதினெட்டு. இன்று காலை ஆறு மணிக்குப் பெரிய சிஸ்டர் தன் கையாலேயே எழுதியதும் பதினெட்டு.

வார்டில் பன்னிரண்டு பேருக்கும் அதே எண்தான். வேலைக்கு வந்த முதல் நாள் அவள் எண்ணியபோது ஒருவருக்குப் பதினான்கு வந்தது, இன்னொருவருக்கு இருபத்திரண்டு. இருபது வருட சர்வீஸ்காரர்களுக்கு வரும் பதினெட்டு தனக்கு மட்டும் வராவிட்டால் கோளாறு யாரிடம்? மறுநாளிலிருந்து அவளும் வாயை மூடிக்கொண்டு பதினெட்டே போட்டாள்.

மூன்று மாதத்தில், டாக்டருக்கு உதவியாளராகும் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பில் சேர வேண்டும். அதற்குமுன் ஏதாவது ஒரு வார்டில் வேலை பார்த்ததற்குக் கடிதம் கேட்டிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் யார் வேலை கொடுப்பார்கள்? ஏறி இறங்கிய கிளினிக்குகளில் எல்லாம் கையை விரித்தார்கள். போனால் போகிறதென்று சேர்த்துக்கொண்டவர் பெரிய சிஸ்டர் ஒருவர்தான். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். அம்மாவோ சொந்தக்காரர்களிடமெல்லாம் இப்போதே தம்பட்டம் அடித்துவிட்டாள்.

மூச்சை எண்ணத் தெரியாதவளுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

ஏழாம் கட்டில்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வாய் ஓயாத மனிதர். படிக்கப் போகுமுன்பே அவளுக்கு டாக்டரம்மா என்று பட்டம் கொடுத்தவர். இன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதற்கு மூச்சு மிச்சமில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். மேஜைக்குப் போய்ப் பெரிய சிஸ்டரிடம் முப்பத்தைந்து என்று சொன்னாள்.

அடுத்த பத்து நிமிடம் அவள் சுவரோடு சுவராக நின்றாள். விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டினார்கள். அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் பெரிய சிஸ்டர் முகம் மாறியது. டாக்டர் ஓடி வந்தார். ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சில் நீர் கோத்திருக்கும் போலிருக்கிறது என்றார்கள். தள்ளுவண்டியில் ஏற்றும்போது டிரைவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

இது எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார்.

பெரிய சிஸ்டர் தாளைப் பார்த்தார். தாளில் பதினெட்டு.

இனி மறைக்க முடியாது. நேற்று தனக்கு இருபத்தொன்பது வந்ததும், அதைத் தாளில் எழுதாமல் விட்டதும் அவளுக்குத் தெரியும். கோட்டுப் பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்து நீட்டினாள்.

"இது... நான் தப்பா எண்ணுனதெல்லாம் சிஸ்டர். பழகிக்கலாம்னு தினமும் குறிச்சு வச்சேன்."

ஏழாம் கட்டிலுக்கு நேரே நான்கு நாள் கணக்கு இருந்தது. இருபது, இருபத்திநான்கு, இருபத்தொன்பது, முப்பத்தைந்து.

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். அவளை ஒருமுறை பார்த்தார். தள்ளுவண்டியின் பின்னால் ஓடினார்.

படிப்பு சீட் போயிற்று, அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவள் நின்றிருந்தாள். பெரிய சிஸ்டர் நோட்டைத் திருப்பித் தரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். கடைசியில் தலை நிமிராமலே, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல் சொன்னார்.

"நாங்க யாரும் எண்ணுறதே இல்லம்மா."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்தபோது பயம் குறையவில்லை, கூடியது.

பெரிய சிஸ்டரின் விரல் அதற்குள் நோட்டின் கீழ்ப்பகுதிக்கு வந்து ஒரு வரியில் நின்றுவிட்டது. பதினொன்றாம் கட்டில். பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்தேழு.

இன்றைய எண்ணை அவள் இன்னும் எடுக்கவில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.